மறுகா

வாடைக்கடல் ஒரு கிழமை அடித்து ஓய்ந்தால்
கோமாரிக் கரையில் கறுப்பாய் ஒரு கோடு கிடக்கும்.
பாரமானதைப் போட்டுவிட்டு
இலேசானதை இழுத்துக்கொண்டு போய்விடும் கடல்.
முதல் சல்லடை அதுதான்.
சம்பளப் புத்தகத்தில் அதன் பெயர் இல்லை.

மறுகா டோசர்.
மறுகா நவ்பரின் டிப்பர், நாளைக்குப் பதினாலு நடை.
மறுகா நான்.
ஆடுகிற சல்லடையின் வாயில்
கையுறை போட்டுக்கொண்டு நிற்கிறேன்.
சிப்பி, சோடா மூடி, கரைவலை ஈயக்குண்டு,
ஒற்றைச் செருப்பு,
ஒருநாள் பச்சை பிடித்த ரவைக் கோது.
"என்னகா அது?" என்றார் கனகசூரியம்.
"சிப்பி" என்றேன்.
சிப்பிப் பெட்டிக்குள்ளேயே போட்டேன்.

மறுகா தண்ணி.
சுருண்டு சுருண்டு இறங்கும் பீலியில்
மண் தன் பாரத்தை ஒப்புக்கொள்ளும்.
கறுப்பு உள்வளைவைப் பிடித்து நடக்க
வெள்ளை வெளிவிளிம்பில் துள்ளி ஓடும்.
சூளையில் காய்ந்தபின்
உருளும் காந்தத்தில் இல்மனைட் ஏறும்,
நனைந்த பூனையின் மயிர்போலச் சிலிர்த்து.
ஏறாததை மின்சார உருளையில் விழுத்துவார்கள்.
ரூட்டைல் எகிறிப் போகும்.
சிர்க்கோன் உருளையோடு ஒட்டிக் கிடக்கும்
தூரிகை வந்து தட்டும்வரை.

மூன்று குவியல், மூன்று விலை.
எது எவ்வளவென்று எங்களுக்குச் சொல்வதில்லை.
ஈரம் கழித்து நிறை மட்டும் எழுதுகிறேன்.

நாலாவது குவியல்
எந்த இயந்திரமும் கேட்காத வெள்ளை மணல்.
"எடுத்த இடத்திலேயே போடப்பட்டது"
என்று படிவத்தில் ஒரு கட்டம்.
அதில் சரி போடுவதும் நான்தான்.
பொய் இல்லை, போட்டது போட்டதுதான்.
ஆனால் பாரம் போன மண்ணுக்கு
இருக்கத் தெரியவில்லை.
பின்னேரக் காற்று எழும்பினால் அதுவும் எழும்புகிறது.
வாடிக் கம்புகள் பால்பல்லாய் ஆடுகின்றன.
சம்மாட்டி சாமித்தம்பி
இரண்டுமுறை பிடுங்கி ஆழமாய் நட்டார்.
மூன்றாம்முறை நடவில்லை.
எங்கள் கேற்றடிக்கு வந்து
"மகனுக்கு ஏதும் வேலை கிடக்கா, புள்ள?" என்றார்.
என் பேனையால்தான் விண்ணப்பம் நிரப்பினேன்.
தொழில் என்ற இடத்தில்
அவர் சொன்னதை எழுதிவிட்டு
அவர் கேட்டதால் வெட்டினேன்.

மறுகா
இரவுச் சோற்றில் நறுக்கென்று பல்லில் பட்டது.
உள்ளங்கையில் துப்பி விளக்கடியில் பார்த்தேன்.
உடைந்த றேடியோவின் ஸ்பீக்கர் காந்தம்
அலுமாரிக்கு மேல் கிடந்தது.
எடுத்துவந்து கிட்டப் பிடித்தேன்.

ஏறவில்லை.