மூன்றரை மணி நேரம்

வண்ணார்பேட்டை கடையில் பட்டாணி
நாலு பெட்டியை வரிசையாக வைத்தான்.
“பேட்டரி உள்ளது வேண்டாம் வே,
நம்மூர் சித்திரைக்குக் கண்ணாடியோரம்
வடை மாதிரி உப்பிரும்.
பின்னால ஒண்ணு, முன்னால ஒண்ணு,
ரெண்டு கண்ணா வாங்கும்.”

எனக்கு ரோடு முன்னாலதானே என்றேன்.
மெமரி கார்டிலும் சின்னதே போதும் என்றேன்.
“முப்பத்திரண்டுன்னா மூன்றரை மணி நேரம்தான்.
நிறைஞ்சா பழசை அழிச்சுப் புதுசு எழுதும்.”
எழுதட்டுமே.
என் சவாரியில் என்ன இருக்கிறது, சேர்த்து வைக்க?

ஒரு மாதம் அது
டோல்கேட்டுகளையும் மாடுகளையும் தின்றது.

சனிக்கிழமை, பாபநாசம் சவாரி.
பத்தமடை தாண்டி ஒரு பஸ்ஸை முந்தினேன்.
எதிரே வாழையிலைக் கட்டோடு ஒரு டிவிஎஸ்.
இடம் இருந்தது.
இருந்தது என்றுதான் நினைத்தேன்.
அவன் மண்ணில் இறங்கினான்.
என் வண்டியில் ஒரு கீறல் கிடையாது.
இடி பட்டால் தானாகப் பூட்டிக்கொள்ளும் கருவி
எதையும் பூட்டவில்லை.

பாபநாசத்தில் எல்லோரும் குளிக்கப் போனபின்
டிரைவர் குரூப்பில் பார்த்தேன்.
இலை கொண்டுபோன சங்கிலிபூதம்
இடுப்பு எலும்பு முறிந்து ஹைகிரவுண்டில்.
பஸ்ஸுக்குப் பின்னால் வந்த செங்கல் லாரியை
ஊரே மறித்திருக்கிறது.
டிரைவர் தளவாய், சேரன்மாதேவி ஸ்டேஷனில்.
“நான் அவன் பக்கத்துலயே வரலை” என்கிறானாம்.
எல்லா லாரிக்காரனும் சொல்வதுதான்.

சின்னத் திரையில் ஓட்டிப் பார்த்தேன்.
பஸ்ஸின் பின்பக்கம். வலப்புறம் சாய்கிறேன்.
பச்சைக் கட்டு பெரிதாகிறது, விளிம்புக்குப் போகிறது, இல்லை.
விழுந்தது பின்னால். பின்னால் கண் இல்லை.
ஆனால் சத்தம் இருக்கிறது:
தகரம் உரசும் ஒலி,
அதற்குமேல் என் குரல்,
“சவம், பாத்து வர மாட்டானா.”
பிறகு நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுகிறேன்.

கணக்குப் போட்டேன்.
பத்தமடையிலிருந்து இங்கே ஐம்பது நிமிடம்.
தென்காசி வழி குற்றாலத்துக்கு ஒன்றேகால் மணி.
இரவு நெல்லை திரும்ப ஒன்றரை.
வண்ணார்பேட்டை சிக்னலுக்கு
ஐந்து நிமிடம் இருக்கும்போதே
பத்தமடை அழிந்திருக்கும்.
நான் ஒன்றும் செய்ய வேண்டாம்.
வண்டி ஓட்டினால் போதும்,
அதற்குத்தானே கூலி.

கிளம்பினோம். ஆழ்வார்குறிச்சி.
ஈரத் துண்டு வாசம், பின்சீட்டில் மிக்சர்.
முன்சீட்டுக்காரர், “கேமரா நல்லதா, அண்ணாச்சி?
நம்ம மேல தப்பில்லன்னு காட்டலாம்லா?”
“காட்டலாம்” என்றேன்.

கடையம் பக்கம் ரயில்வே கேட் சாத்தியிருந்தது.
ஏசிக்காக இஞ்சினை அணைக்கவில்லை.
நின்ற இடத்திலேயே
நிமிடம் நிமிடமாக அது தின்றுகொண்டிருந்தது.
கடுகளவு சிவப்புப் பொத்தான்.
அமுக்கிவிட்டேன்.
“பூட்டப்பட்டது” என்றாள் பெட்டிக்குள் இருப்பவள்.

பூட்டியது பத்தமடையை அல்ல.
அந்தப் பொத்தான் அப்போது ஓடுவதை மட்டும் பூட்டுமாம்,
பட்டாணி சொல்லியிருந்தான், நான் கேட்கவில்லை.
இனி என்றைக்கும் அழியாமல் இருக்கப்போவது
சாத்திய கேட்,
அதன் கீழே நுழையும் மூன்று வெள்ளாடு,
பீடி பற்றவைக்கும் ஒரு கைலிக்காரர்.

சிரிப்பு வந்தது. வந்ததும் நின்றது.

இஞ்சினை அணைத்தேன்.
நகத்தால் நெம்பினேன்.
விரல்நகத்தைவிடப் பெரிதில்லை கார்டு.
டோல் ரசீதில் மடித்துச் சட்டைப்பையில் போட்டேன்.
“என்ன அண்ணாச்சி, ரிப்பேரா?”
“இல்ல. ஒரு ஸ்டேஷன்ல குடுக்கணும்.
திரும்பும்போது சேரன்மாதேவி வழியாப் போவோம்,
கொஞ்சம் சுத்து.”

கேட் திறந்தது. பின்னால் ஆரன்.
தென்காசி வரை, நிமிடத்துக்கு ஒருமுறை,
“கார்டைச் செருகவும்” என்றாள் அவள்.
யாரும் பார்க்காத ரோட்டில்
நாற்பதைத் தாண்டாமல் போனேன்.
எதிரே வந்த ஒவ்வொரு டிவிஎஸ்ஸுக்கும்
ஒரு முழம் அதிகமாகவே ஒதுங்கினேன்.