நம்பர் பிளேட்டுக்குப் பின்னால்

ஆனி மாதம்.
மண்டபத்திலிருந்து அரிச்சல்முனைவரை
பெட்ரோலுக்குக் காசு தராமல்
கூடவே வந்தது கச்சான்.

படத்தில் குறையில்லை.
இருபுறமும் கடல், நடுவே சாலை,
முகுந்தராயர் சத்திரத்தில் கைகாட்டிய காவலரின்
சட்டைப்பையில் பேனா மூடிகூடத் தெரிகிறது.
சத்தம்தான்,
யாரோ இருவர் கூரைத் தகரத்தை
ஆளுக்கொரு முனையில் பிடித்து உதறுவதுபோல்
நாற்பது நிமிடம்.

தோஹாவிலிருந்து கலந்தர் பேசி அனுப்பியிருந்தான்.
‘படத்த வச்சு நான் என்னப்பா பண்ண?
கடல் இங்கயும்தான் கெடக்கு.
வண்டிச் சத்தம் அனுப்பு. சத்தம் மட்டும்.’

அவன் விற்ற புல்லட்.
ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறிப்
பதினாலு மாதம்.
அவன் வாயில் இன்னும் மாறவில்லை.

டாங்குக்கு அடியில், காலுறைக்குள் மைக்கை வைத்தேன்.
பெட்ரோல் குலுங்கியது.
சட்டைக்குள் வைத்தேன்.
பொத்தான் உரசிற்று, என் மூச்சு குறுக்கே விழுந்தது.
சைலன்சர் ஓரம் கட்டினேன்.
ஒவ்வோர் அடியும் விளிம்பு நொறுங்கி
மிதிபட்ட கிளிஞ்சலாய் வந்தது.
பாத்திரம் தேய்க்கும் பஞ்சு,
பரோட்டா பார்சலின் ரப்பர் பேண்ட்,
மகளின் கரடிப் பொம்மையிலிருந்து
வயிற்றுப்பக்கம் வெட்டிய ரோமம்
(அவள் இன்னும் என்னோடு பேசவில்லை).
கச்சானுக்கு இதெல்லாம் ஒரு ஊதல்.

ஏழாம் நாள்.
வேலைக்கு வந்து ஐஸ் கம்பெனி வாசலில் நிறுத்தும்போது
சாவி நழுவியது. குனிந்தேன்.
நம்பர் பிளேட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவில்
மிளகளவு சிலந்தி ஒன்று.
வலையில் ஓர் இழைகூட அறவில்லை.

விடியலில்தான் முனைக்குப் போய் வந்திருந்தேன்.
எண்பது கிலோமீட்டர்.
நல்ல ரோட்டில் எழுபதைத் தொட்டேன்.
வள்ளங்களைக் கரையில் கட்டிப்போட்ட காற்று
இந்த நாலு விரல் இடத்தைக் கண்டுபிடிக்கவேயில்லை.

வலைக்கு இரண்டு விரல் தள்ளி
மைக்கை ஒட்டினேன்.
பதிவின் அளவைப் பாதியாகக் குறைத்தேன்.
வாடகைக்கு வந்தவன்போல்
மெதுவாகக் கிக்கரை மிதித்தேன்.
முதல் மிதி இல்லை. இரண்டாவது இல்லை.
மூன்றாவதில் எழுந்தது.

அன்றிரவு காதுக்குழலில்
ஒவ்வோர் அடியும் தனித்தனி.
இரண்டு அடிக்கு இடையில்
ஒரு நாணயம் வைக்க இடம் இருந்தது.
பாம்பன் பாலத்தின் இணைப்புகள் டயரை எண்ணின.
கிளட்ச் கம்பி இழுபடும் முனகல்,
கியர் விழும் சிறு விக்கல்,
எல்லாவற்றுக்கும் அடியில்
டம்ளரைக் கரண்டியால் தட்டும்
ஏதோ ஒன்று.
அழகென்று நினைத்தேன். அனுப்பினேன்.

நீலக்கோடு விழுந்தது.
பதினோரு நிமிடப் பதிவுக்கு
இருபத்திரண்டு நிமிடம் பதில் இல்லை.
இருமுறை கேட்டிருக்கிறான்.

‘எக்சாஸ்ட் பக்கம் டேப்பெட் தளர்ந்துருச்சு.
இனி ஓட்டாத. நம்புராஜன்ட்ட விடு.’

அவ்வளவுதான்.
‘நல்லா இருக்கு’ என்று ஒரு சொல்?
இல்லை.

இரண்டரை மணிக்கு மறுபடியும் ஒன்று:
‘பாலத்து ஏத்தத்துல நாலுலயே போயிருக்க.
மூணு போட்டுப் பழகு.
அதுக்கு மூச்சு முட்டும்.’

உச்சிப்புளியில் நம்புராஜன்
மூடியைக் கழற்றி, விரலால் ஆட்டிப் பார்த்து,
‘யாரு சொன்னா?’ என்றார்.
தோஹா என்றேன்.
பத்து நிமிட வேலை.
அதன்பின் எப்போதும்போல் பையன்
தண்ணீர்க் குழாயை நீட்டிக்கொண்டு வந்தான்.
வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன்.

‘இங்க மட்டும் அடிக்காத தம்பி.’
‘ஏன்ணே?’
‘மைக் இருக்கு.’
‘அதான் உங்க கையில இருக்கே?’

கால்சட்டை நனைந்தது.
நகரவில்லை.