பூட்டிய நேரம்

சாந்தோமில் பஸ் நிற்கும் இடத்தை
மெட்ரோக்காரர்கள் மூன்றாம் முறை மாற்றியிருக்கிறார்கள்.
தகரத் தடுப்பை ஒட்டி ஒருவர் பின் ஒருவராய் நடந்து
கல்லறைக்கு இறங்கினேன்.
வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு
முதலில் ஏசி தெரிந்தது, பிறகுதான் மெழுகுவர்த்தி.

நாகர்கோவில் வண்டியில் வந்த அக்கா ஒருத்தி
கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தாள்,
நிமிர்ந்து என்னைக் கேட்டாள்:
"தோமையார் உள்ளதான் இருக்காரா?"

எப்படிச் சொல்ல.

போன பிப்ரவரியில்
அட்ரியாட்டிக் கரையில் கோதுமை இறக்கப் போன கப்பலில்
பம்பு ஒன்று மக்கர் செய்தது.
இரண்டாம் எஞ்சினியரான எனக்கு
ஸ்பேர் வரும்வரை வேலை இல்லை.
மூன்று மணிக்குள் திரும்பு என்றார் கேப்டன்.
ஊரின் பெயர் ஒர்த்தோனா.
பிலோமினாவுக்கு வாட்ஸப்பில் பெயரை அனுப்பியதும்
அவளே கூப்பிட்டாள்.
"ஐயோ, எலும்பு அங்கதாங்க இருக்கு!
கர்சீப்ப வச்சு எடுத்துட்டு வா."
மூன்று வயதாகியும் வாய் திறக்காத
அவள் தம்பி பையனுக்காக.

துறைமுகத்திலிருந்து பார்த்தால் ஊர் தலைக்கு மேலே.
ஏறினேன்.
கபாலி குளத்தை நாலு சுற்று சுற்றுகிற நேரத்தில்
ஊரையே முடித்துவிடலாம்.
பாதிக் கோட்டையைக் கடல் வாங்கிக்கொண்டிருந்தது.
சந்துகளில் ஒரு ஹாரன் இல்லை, ஒரு சுண்டல் வண்டி இல்லை.
எங்கோ ஒரு வீட்டில் மட்டும் மீன் பொரிகிற சத்தம்.

ஆயிரத்து இருநூற்று ஐம்பத்தெட்டில்
மூன்று கப்பலோடு போனவன் ஒருவன்
கியோஸ் தீவிலிருந்து தூக்கி வந்தான் என்கிறார்கள்.
அதற்கு முன் எடெஸ்ஸா.
அதற்கும் முன் இதோ இந்த மணல்.
ஏற்றியதற்கு ரசீது இல்லை, இறக்கியதற்கும் இல்லை.
கப்பல்காரனாய்ச் சொல்கிறேன்:
ரசீது இல்லாத சரக்குதான் வெகுதூரம் போகும்.

கோயில் பூட்டியிருந்தது.
பன்னிரண்டரை முதல் நாலு வரை என்றது பலகை.
தட்டினேன். புறா பறந்தது.
சண்டையில் இடிந்து மறுபடி கட்டிய சுவர்,
பழைய கல்லுக்கும் புதிய கல்லுக்கும் நடுவே
தையல் போட்டது போலக் கோடு.
எங்கள் கோயிலும் இடித்துக் கட்டியதுதான் என்று
அந்தக் கதவிடம் ஏன் சொன்னேன் தெரியவில்லை.

பந்தோடு வந்த பையன் ஒருவன்
கன்னத்தில் கை வைத்துக் கண்ணை மூடிக் காட்டினான்:
எல்லோரும் தூக்கம்.
"தொம்மாசோ?" என்றேன்.
காலடித் தரையைக் காட்டினான்.
நான் கிழக்கே கடலைக் காட்டினேன்.
ரெண்டு பேரும் கொஞ்ச நேரம்
கையை இறக்காமல் நின்றோம்.

அவன் போனபின்
காயத்தில் விரலை விட்டால்தான் நம்புவேன் என்றவரின் வாசலில்
சாவித் துவாரத்தில் விரலை விட்டேன்.
சில்லென்று இருந்தது.
எடுத்தபோது உள்ளிருந்து காற்று,
மெழுகும் பழைய மரமும்,
எங்கள் கோயில் வாசனையேதான்
ஈரம் மட்டும் கூடுதல்.
கர்சீப்பைச் சுருட்டித் துவாரத்தில் திணித்து
நூறு வரை எண்ணி
உருவினேன்.

பிலோமினாவிடம் கதவு என்று சொல்லவில்லை.
பையன் இன்னும் பேசவில்லை.
ஆனால் அந்தத் துணி இல்லாமல் தூங்குவதில்லை,
துவைக்கப் பிடுங்கினால் ஊரைக் கூட்டுகிறான்.
அதைப் பேச்சு என்கிறாள் இவள்.

அக்கா இன்னும் என் முகத்தையே பார்க்கிறாள்.
வெளியே டிரைவர் ஹாரன் அடிக்கிறான்,
அடுத்து வேளாங்கண்ணி, இரவோடு இரவாக.

"தொட்டுப் பாருங்கக்கா" என்றேன்.

உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தாள்.
எடுத்தாள்.
ஏசிக் குளிரில் அந்தக் கை
ஐந்து விரலோடும் கண்ணாடியில் நின்றது.
சுண்டுவிரலிலிருந்து மறையத் தொடங்கியது.