குளிருது என்றான்

அது புல் இல்லை. பச்சை பூசிய பிளாஸ்ரிக்.
பதினொன்றரைக்குக் கோல் கம்பத்தடியில்
வெப்பமானியை வைத்தேன்.
நிழலில் முப்பத்திரண்டு என்று தொலைபேசி சொன்ன நேரம்
அது ஐம்பத்தி நாலு காட்டி,
பிறகு காட்டவே வெட்கப்பட்டதுபோல் அணைந்துவிட்டது.

"பதினாலு வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்தை
பின்னேரம் ஏழுக்குத் தள்ளுவோம்" என்றேன்.
குகநேசன் சிரித்தார். கையில் ஒலிவாங்கி இருந்ததால்
ஓல்டன் நகரமே சிரித்ததுபோல் இருந்தது.
"தங்கச்சி, நாங்கள் வெயிலுக்கை பிறந்தனாங்கள்.
இந்தச் சுவிஸ் வெயில் எங்கட பிள்ளையளை என்ன செய்யும்?"

நாங்கள், சரி.
இவர்கள் பிறந்தது ஆராவ் ஆஸ்பத்திரியில்,
பெப்ரவரியில், மூன்று அடுக்குக் கம்பளிக்குள்.
போன கிழமைவரை மழை.
வெயிலைப் பழக உடம்புக்குப் பத்து நாளாவது வேண்டும்.
அது காணி இல்லை,
உறுதி எழுதிப் பிள்ளையின் பெயருக்கு மாற்ற.

இதை ஒலிவாங்கி இல்லாமல் சொன்னேன்.

பிறகு என் கைக்கு எட்டியதைச் செய்தேன்.
மாம்பழச் சாறும் கோலாவும் மிதந்த
காற்றடைத்த நீலத் தொட்டிக்குக் காவல் நின்றேன்.
கொத்துரொட்டிக் கடை துளசிகாவோடு சண்டை:
"ஐஸை முடிக்காதை." "ஏன், உனக்கு ஆரும் சாகப் போகினமோ?"
இருவரும் அந்தச் சொல்லை விழுங்கினோம்.

ஒன்றரைக்கு விசில்.
எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள்.
நான் முகங்களைப் பார்த்தேன்:
யார் தண்ணீர்ப் போத்தலைத் தொடாமல் தாண்டுகிறான்,
யார் கால் மடிந்து பாதி வழியில் நிற்கிறான்.

பன்னிரண்டாம் இலக்கம், லக்சிகன்,
பந்தை அழகாக வெட்டி, இருவரைத் தாண்டி,
தன் அணியின் வலைக்கே ஓடினான்.
சனம் விழுந்து விழுந்து சிரித்தது.
அவன் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை.
மூலைக் கொடியடியில் நின்று
இரண்டு கைகளாலும் தன்னையே தேய்த்தான்.
முழங்கைக்கு மேலே மயிர்க்கூச்சு.

"என்ன அப்பன்?"
"குளிருது."
"இண்டைக்கு என்ன கிழமை?"
"பள்ளிக்கூடம்" என்றான்.

நாலு பேர் தூக்கினோம், சப்பாத்தோடு.
போத்தல்கள் தெறிக்க, கழுத்துவரை
அந்த நீலத் தொட்டிக்குள் இறக்கினோம்.
தாய் ஓடி வந்தா: "ஐயோ, ஐஸ் தண்ணி! சன்னி பிடிக்கும்! எடுங்கோ!"
துளசிகா மிச்ச ஐஸை வாளியோடு கொட்டினாள்.
யாரோ நூற்றி நாற்பத்தி நாலுக்கு அடித்தார்கள்.
முதலில் குளிர வை, பிறகு வண்டியில் ஏற்று.
தேவாரம்கூட எனக்குப் பாதியில் மறக்கும்,
இந்த ஒரு வரி மறக்கவில்லை.

அவன் தலையை என் உள்ளங்கையில் ஏந்தியிருந்தேன்.
கொதிக்கும் தேங்காய்போல் ஒரு பாரம்.
பதினொரு நிமிடம்.

பிறகு கண் திறந்து என்னைத் திட்டினான்.
சுவிஸ் ஜேர்மனில், படு கெட்ட வார்த்தையில்,
ஒரு இலக்கணப் பிழையும் இல்லாமல்.
தாய்க்கு விளங்கவில்லை.
எனக்கு விளங்கியது. அப்போதுதான் மூச்சு விட்டேன்.

இன்னொருவரின் மூச்சும் கேட்டது.
குகநேசன் ஒலிவாங்கியை அணைக்க மறந்திருந்தார்.
மைதானத்தின் நாலு மூலைப் பெட்டிகளிலும்
அவர் மூச்சு, இழுத்து இழுத்து,
வண்டி வந்து போகும்வரை.

அடுத்த சனி, காலை எட்டேகால்.
பாதி அணி நித்திரை முகத்தோடு பிந்தி வந்தது.
புறங்கையைத் தரையில் வைத்து எண்ணினேன்.
ஏழு. எட்டு. ஒன்பது. சுடவில்லை.
பனியில் பந்து வழுக்குதென்று
ஒரு தகப்பன் என்னிடம் முறைப்பாடு சொன்னார்.
இன்னும் சொல்லுங்கோ என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.