அங்க அடையாளம்

அண்ணன் ஸ்காபரோவிலிருந்து கேட்டான்:
வம்சவரிசை எழுதுகிறேன்.
காணி உறுதியில் வீரகத்தி என்று ஒருவர்,
எட்டில் ஒரு பங்கு, கையெழுத்தில்லை.
எங்கே போனவர்?

காசிக்கு என்பார் அப்பு.
பர்மாவில் தேக்கு வியாபாரம் என்பார் சின்னமாமா.

கொழும்பிலிருந்து சிநேகிதி ஒருத்தி
பழைய கோப்பில் மூன்று பக்கம் படமெடுத்து அனுப்பினாள்.
சாவகச்சேரிக் கடையில் தாளுக்கு இருபது ரூபா.
மெஷின் சூட்டோடு கக்கியது:

மீசாலை தில்லையன் மகன் வீரகத்தி,
வயது இருபத்தாறு.
பித்தளைச் செம்பு ஒன்று, புகையிலை ஒரு சிப்பம்.
குற்றத்தை ஒப்புக்கொண்டான்.
ஏழு வருஷம், மலாக்கா, கால்விலங்கோடு.
செம்பு திரும்பக் கிடைத்தது.

கடைசி வரியில் நான் நின்றுவிட்டேன்.
"வேற ஏதும் எடுக்கிறதோ அக்கா?"
கடைப்பெடியன் இரண்டு தரம் கேட்டுவிட்டான்.

அடுத்த பக்கம். முறைப்பாட்டுக்காரன்
கணபதி மகன் அம்பலவி.
அம்பலவியை எனக்குத் தெரியும்.
உறுதியில் வீரகத்திக்குக் கீழே இருக்கிற பெயர்.
வீரகத்தியின் பெண்சாதி வள்ளிப்பிள்ளைக்குச்
சோறு கொடுத்துக் கூட்டிக்கொண்டவர்.
ஆக, செம்பும் அவருக்கே.

பிடிபட்டது தையில்.
சோறு கொடுத்தது மாசியில் என்பது ஊர்க்கதை.
பெண்பிள்ளை பிறந்தது ஐப்பசியில்,
மிஷன் கோயில் இடாப்பில் இருக்கிறது.
அவளிலிருந்துதான் நாங்கள் எல்லோரும்.
விரல்விட்டு எண்ணினேன்.
இரண்டு பேருக்கும் கணக்குச் சரிவந்தது.

மூன்றாம் பக்கம், அங்க அடையாளம்:
கறுவல். ஐந்தடி மூன்று.
வலது காது கிழிந்தது.
இடக்காலில் சின்னவிரல்
பக்கத்து விரலின்மேல் ஏறியிருக்கும்.

எழுதியவன் குனிந்து பார்த்திருக்கிறான்.
அவரை அவ்வளவு கிட்டத்தில்
வேறு யாரும் எழுதிவைக்கவில்லை.

மேசைக்குக் கீழே செருப்பைக் கழற்றினேன்.
என்ரை விரல்கள் வரிசையாய் நின்றன,
சாட்சி சொல்லப் பழக்கிக் கூட்டிவந்தவை மாதிரி.

இரவு அண்ணன் எடுத்தான்.
"என்ன, வியாபாரம் எண்டு போடட்டோ?"
"உன்ரை இடக்காலைக் காட்டு."
சிரித்தான். வேலைக்கு வெளிக்கிட்டு நிற்கிறான்,
வெளியில் பனி, சப்பாத்து கட்டியாயிற்று.
பிறகு எடுக்கிறேன் என்றான்.

அவன் வெறுங்காலோடு நின்றதைக் கடைசியாய்க் கண்டது
கிளாலியில்.
பொலித்தீன் பையில் சேட்டிபிக்கற்றுகளைத் தலையில் பிடித்தபடி
வள்ளத்தை எட்டித் தாவினான்.
லாம்பு கொளுத்த விடவில்லை ஓட்டி.
முழங்காலுக்குக் கீழே
எல்லாம் தண்ணீர்.