இடது குதிகால்

காரைக்குடி ஷூக் கடைப் பையன்
என் பழைய ஜோடியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டான்:
"இடது குதிகால் மட்டும் இப்படித் தேஞ்சிருக்கே,
என்ன வேலை பார்த்தீங்க சார்?"

திண்டுக்கல் தடத்தில் முப்பத்தொரு வருஷம்.
வலது தோளில் சில்லறைப் பை,
சீட்டுக் கம்பியில் சாய்ந்த இடது இடுப்பு.
பை இழுக்க இழுக்க
உடம்பு மறுபக்கம் ஊன்றிக்கொண்டது.
இப்போது அறுபத்து நாலு.
தைப்பூசத்துக்கு எழுபத்திரண்டு நாள்.

பழனிப் பாதையில் எனக்கு ஸ்டேஜ்தான் தெரியும்,
காலடி தெரியாது.
குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம் -
படிக்கட்டில் தொங்கிக் கத்திய பெயர்கள்.
டீக்கு இறங்கியதைத் தவிர இறங்கியதில்லை.
தை பிறந்தால் ரோட்டோரம் காவடிகள் ஊரும்.
"லேட்டாக்குறாங்கப்பா" என்பார் டிரைவர்.
நானும் ஆமாம் போட்டிருக்கிறேன்.

டாக்டர் வள்ளிக்கண்ணு கண்ணை மூடச் சொன்னார்.
நைலான் நூல் ஒன்றால் பாதத்தைத் தொட்டுத் தொட்டு
"இப்ப? இப்ப?" என்றார்.
பத்தில் எட்டு சரியாகச் சொன்னேன்.
"மிச்ச ரெண்டு இடத்தில் முள் ஏறினாலும்
உங்களுக்குத் தெரியாது.
செருப்பில்லாமப் போறேன்னு வேண்டியிருக்கீங்களா?"
இல்லை என்றேன்.
"இனியும் வேண்டாதீங்க.
ராத்திரி ராத்திரி கண்ணாடி வச்சு உள்ளங்கால் பாருங்க."

அதனால் பையில் ஒரு முகக்கண்ணாடி.
முகத்துக்கு அல்ல.

அடைக்கம்மை இட்லி மாவு விற்கும் தராசில்
பையைத் தூக்கி வைத்தாள்: ஐந்து கிலோ முந்நூறு.
"யாரு சுமக்கிறது?"
குடை வெளியே வந்தது. ரேடியோ வந்தது.
இரண்டாவது வேட்டி போனது. திரும்ப உள்ளே வந்தது.
சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, டார்ச்,
முதுகில் ஒட்ட மின்னும் பட்டை,
விரலிடுக்குக்கு வேசலின்,
நாலு ஜோடி சாக்ஸ், தலை சுற்றினால் வெல்லம்.
இரண்டு எழுநூறில் முள் நின்றது.
மாவு வாங்க வந்தவள் காத்து நின்றாள்.

ஒரு சைஸ் பெரிய ஷூ. நடந்தால் கால் வீங்குமாம்.
நகத்தை ஓரம் வளைக்காமல் நேராக வெட்ட வேண்டுமாம்.
கார்த்திகை மழையில் நனைந்த ஷூவுக்குள்
தினத்தாளைக் கசக்கித் திணித்து வைத்தேன்.
காலையில் எடுத்தால்
தங்கம் விலை செம்மண் நிறத்தில் ஊறியிருந்தது.

முதல் வாரம் ஊருணி வரை.
பிறகு பள்ளத்தூர். அதன் பிறகு கானாடுகாத்தான்.
முட்டி ஒன்றும் சொல்லவில்லை,
இறக்கத்தில் மட்டும் முனகியது.
கஷ்டம் வேறெங்கோ இருந்தது:
தரை ஆடவில்லை.
முப்பத்தொரு வருஷம் ஆடுகிற பலகையில் நின்றவனுக்கு
ஆடாத தரை பிடிபடவே நாளாகிறது.
வளைவு வந்தால் தோள் தானாகச் சாய்கிறது.
என்னைத் தாங்க அங்கே கம்பி இல்லை.

நாற்பத்தோராம் நாள், விடிகாலை,
பனியில் இரண்டு மஞ்சள் விளக்கு.
முதல் பஸ். பக்கத்தில் வந்து பிரேக் அடித்தது.
"சேவுகண்ணே, ஏறுங்க! இங்க என்ன பண்றீங்க?"
டிரைவருக்கு என்னைத் தெரிந்திருக்கிறது.
போகச் சொல்லிக் கையை வீசினேன்.

உள்ளே லைட் வெளிச்சத்தில் கண்டக்டர்,
முப்பது வயதிருக்கும்,
கம்பியில் இடுப்பைச் சாய்த்து
டிக்கெட் மெஷினைத் தட்டிக்கொண்டிருந்தான்.
தம்பி, காலை மாத்தி நில்லு
என்று சொல்ல வாயெடுப்பதற்குள்
இரண்டு விசில்.

டீசல் வாடை கொஞ்ச நேரம் நின்றது.
நான் வலது காலை முதலில் வைத்தேன்.