பூட்டுவதற்கு முன்

பள்ளிப்பட்டில் என் கடைக்குள் நுழையும் பிள்ளைகள்
முதலில் தேடுவது மின்விசிறியை.
எதிர்காலம் அதற்கப்புறம்தான்.

ஜெராக்ஸ் இரண்டு ரூபாய். கலர் பத்து.
கவுன்சலிங் விண்ணப்பம் போட நூற்றைம்பது,
அழுகிறவர்களுக்கு நூறு
(இதை எழுதி ஒட்டவில்லை).

பள்ளிக்கூடத்தில் ஒரு சார்ட் மாட்டியிருக்கிறார்களாம்.
பன்னிரண்டாம் வகுப்பு என்ற வட்டத்திலிருந்து
பதினாறு அம்புகள் கிளம்புகின்றன.
தயாளன் படம் பிடித்து வந்து காட்டினான்.
'அக்கா, அம்பே இல்லாம
இந்தப் பக்கம் காலியா இருக்கே,
இங்க யாரு போவாங்க?'
பி.காம். இரண்டாம் வருஷத்தோடு நின்றவள் நான்.
மெஷினில் தாள் சிக்கியதாகப் பாவனை செய்து
மூடியைத் திறந்து குனிந்துகொண்டேன்.

பிறகு முனிலட்சுமி வந்தாள்,
அப்பா சுப்பராயுலுவோடு,
பிளாஸ்டிக் உறையில் மொத்த வாழ்க்கையோடு.

ஒன்பதும் பத்தும் நகரியில்.
அப்பாவுக்கு அங்கே விசைத்தறி வேலை அப்போது.
மிச்சமெல்லாம் இங்கே.
திரை கேட்கிறது:
எட்டு முதல் பன்னிரண்டு வரை
தமிழ்நாட்டில் படித்தவரா?
ஆம். இல்லை.
'முக்கால்வாசி' என்று ஒரு பொத்தான் இல்லை.
இருப்பிடச் சான்றுக்கு வி.ஏ.ஓ. ஆபீஸ் நாலு நடை,
தாசில்தார் ஆபீஸ் இரண்டு.
ஓ.டி.பி. போய் விழுந்ததோ
ரீசார்ஜ் இல்லாமல் ஆறு மாதமாய்ச் செத்துக் கிடக்கும்
ஆந்திரா நம்பரில்.
அதை மாற்ற இன்னொரு நாள்.

இன்றைக்குத்தான் விருப்பப் பட்டியல்.

'திருத்தணி பஸ்ஸில போய்
சாயங்காலம் திரும்புற காலேஜா போடும்மா'
என்றார் அவர், கொஞ்சம் கத்தி.
இருபத்திரண்டு வருஷம் தறிக்கு நடுவில் நின்ற காது.
அவர் குரல் அவருக்கே எட்டுவதில்லை.

அவள் என் பக்கம் சாய்ந்து, உதடு மட்டும் அசைய,
'கோயம்புத்தூர். டெக்ஸ்டைல் டெக்னாலஜி. முதல்ல.'

'என்ன சொல்றா?'

இரகசியமாகச் சொல்லக்கூடிய ஆசையை
இவரிடம் இரகசியமாகச் சொல்ல முடியாது.
வரிசையில் ஏழு பேர்.
வாசலில் மாம்பழ லாரிக்காரர் லைசென்ஸ் நகலோடு.
அவள் எழுந்து நின்றாள்.
'கோயம்புத்தூர்ப்பா! தறிப் படிப்பு!'

கடையே திரும்பியது.
'மக்கம் ஒத்தம்மா' என்றார்.
தறி வேண்டாமாம்.
அதுக்கா படிக்க வச்சேன் என்று தமிழில்,
மிச்சத்தைத் தெலுங்கில்.

'ஓட்ட இல்லப்பா!
அது ஏன் அவ்ளோ சத்தம் போடுதுன்னு
கண்டுபிடிக்க!'

லாரிக்காரர் செல்போனைக் காதிலிருந்து எடுத்தார்.
மின்விசிறி மட்டும் கிரீச்சிட்டது.
சுப்பராயுலு திரையைப் பார்த்தார்,
அதில் ஏதோ எழுதியிருப்பதுபோல.
எழுதத்தான் செய்திருந்தது:
உங்கள் நேரம் முடியப்போகிறது.

தறிச் சத்தத்தைக் குறைக்கும் படிப்புக்கு
அந்தப் பட்டியலில் பெயர் கிடையாது. தேடிப் பார்த்தேன்.
அவள் சொன்னது முதலில்,
மெக்கானிக்கல் இரண்டாவது,
திருத்தணி பஸ் போகுமிடங்கள் ஐந்துக்கு அப்புறம்.
சேமித்தேன். பூட்டவில்லை.
பூட்ட நாளை ஐந்து மணி வரை நேரம் இருக்கிறது;
அதற்குள் ஒரு வீட்டில்
எத்தனை தடவை வேண்டுமானாலும் சண்டை போடலாம்.

நூறு வாங்கினேன். யாரும் அழவில்லைதான்.

அவர்கள் போனபின் மெஷின் மூடியைத் தூக்கினால்
கண்ணாடியில் குப்புறப் படுத்திருக்கிறது
மதிப்பெண் பட்டியல்.
கடையைத் தயாளனிடம் விட்டுவிட்டு ஓடினேன்.
பஸ் ஸ்டாண்டு முழுக்க டீசல் புகை,
அதற்கு மேலே மூக்கை நீட்டிக்கொண்டு நகரி மலை.
கிளம்பத் தயாரான பஸ்ஸின் படியில் நின்று
சுப்பராயுலு கேட்கிறார், ஊரே கேட்க:
'கோயம்புத்தூருக்கு எவ்ளோ ஆவும்?'

'இது நகரி போற வண்டி பெரியவரே'
என்கிறார் கண்டக்டர்,
மூன்றாவது முறையாக.